பாஸ் அவுட்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

திருவல்லிக்கேணியில் ஒருவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்க எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்பதே அது. பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளிலும், மேன்ஷன்களின் மாடிப்படிகளிலும், டீக்கடை வாசல்களிலும் இதனைக் கேட்கலாம். போட்டித் தேர்வுக்கும் வேலைக்கும் வெளியூரிலிருந்து வந்து, ஒரே அறையில் மூவராகத் தங்கியிருக்கும் அண்ணன்மார்கள், ஊர்ப் பெயரைச் சொல்லுமுன் தாம் 'பாஸ் அவுட்' ஆன ஆண்டைச் சொல்லித்தான் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்கிறார்கள். ஆங்கிலமே அறியாத என் தாயாரும் இச்சொல்லைத் தங்குதடையின்றிச் சொல்வார். இத்தனை பேர் நாவில் புழங்கும் இச்சொல் எங்கிருந்து வந்தது, என்னென்ன பொருள் தரும், எங்கே சொன்னால் காரியம் ஆகும், எங்கே சொன்னால் காரியம் கெடும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வேதியியல் படிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் புன்னகைக்கலாம். எங்கள் துறைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. கலவை வேறு, சேர்மம் வேறு என்பது வேதியியலின் முதல் பாடம். மணலும் சர்க்கரையும் கலந்தால் மணல் மணலாகவும் சர்க்கரை சர்க்கரையாகவும் இருக்கும். சோடியமோ நீர் பட்டால் கொதித்தெழும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் ரசத்தில் போடும் உப்பு. 'பாஸ்' என்றால் கடந்து செல். 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் வெறுமனே கலந்திருந்தால் 'வெளியே கடந்து செல்' என்பதோடு நின்றிருக்கும். ஆனால் இவை சேர்மம் ஆகிவிட்டன. ஆகவேதான் 'மயங்கி விழு' என்றும், 'விநியோகம் செய்' என்றும், 'படிப்பை முடி' என்றும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பொருள்கள் பிறக்கின்றன.

இவ்வகை வினைகளை ஆங்கில இலக்கணத்தார் 'ஃப்ரேசல் வெர்ப்' என்பர். பிளஸ் டூவில் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, அவைதாம். இந்தப் பெயர் அவ்வளவு பழையதன்று. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் நூலில் இப்பெயரைக் கையாண்டு, ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியே இதைத் தமக்குச் சொன்னவர் என்று குறித்தார். பெயர் புதிது, தொல்லை பழையது. 1755-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் இவ்வழக்கு அயலார்க்கு மிகுந்த இடர்ப்பாடு தருவது என்று எழுதியிருக்கிறார். இருநூற்று எழுபது ஆண்டுகளாகியும் அந்த இடர்ப்பாடு தீரவில்லை.

ஆனால் நண்பர்களே, இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. தமிழில் இவ்வகைச் சேர்மங்கள் ஆங்கிலத்தைவிடக் குறைவாக இல்லை. காட்டுவதும் நல்ல செயல், கொடுப்பதும் நல்ல செயல். 'காட்டிக்கொடு' என்றால் துரோகம். காணலும் பிடித்தலும் சேர்ந்து 'கண்டுபிடி' ஆயின. எதையும் கையால் தள்ளாமலும் எங்கும் போடாமலும் தேர்வைத் 'தள்ளிப்போடு'கிறார்கள். சென்னைத் தமிழில் 'போட்டுக்கொடு' என்றால் என்ன என்பதை விடுதி மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! பிறமொழியாளர் ஒருவர் 'விட்டுக்கொடு' என்பதை அகராதி பார்த்துப் படிக்க நேர்ந்தால் நாம் 'பாஸ் அவுட்'டில் படும் பாட்டை அவரும் படுவார். வேறுபாடு ஒன்றுதான். நாம் வினையோடு வினையைச் சேர்க்கிறோம். அவர்கள் வினையோடு திசை காட்டும் சிறு சொல்லைச் சேர்க்கிறார்கள்.

இனிச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'பாஸ்' என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் 'பாஸுஸ்' என்னும் லத்தீன் சொல். அதற்குக் காலடி, எட்டு என்று பொருள். 'அவுட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஆக, வந்தேறிச் சொல்லும் மண்ணின் சொல்லும் மணம்புரிந்த கலப்புத் திருமணம் இது. தொடக்கத்தில் 'ஓர் இடத்தைக் கடந்து வெளியே போதல்' என்ற நேர்ப்பொருளே இருந்தது. கண்ணை விட்டு மறைதல், நினைவை விட்டு நீங்குதல் என அது விரிந்தது. இறப்பை நயமாகச் சொல்லும் 'பாஸ் அவே' இதற்கு அண்ணன் முறை. அது இடைக்கால ஆங்கிலத்திலேயே உண்டு. உயிர் கடந்து போவது 'பாஸ் அவே' என்றால் உணர்வு மட்டும் சற்றுநேரம் கடந்து போவது 'பாஸ் அவுட்'. குடியினாலோ வெயிலினாலோ நினைவிழப்பதைக் குறிக்கும் இப்பொருள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சிலே பரவி, இன்று உலகெங்கும் முதற்பொருளாகி நிற்கிறது.

அமெரிக்கர் இன்னொரு பொருளிலும் இதை ஆள்வர். வகுப்பில் வினாத்தாளை ஒவ்வொருவருக்கும் கொடுத்து வருவதும் 'பாஸ் அவுட்'தான். இப்பொருளில் மட்டும் இது செயப்படுபொருள் வேண்டும் வினை. ஆகவே பிரித்தும் சொல்லலாம். 'பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்' எனலாம். 'பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்' எனவும் சொல்லலாம். 'அவற்றை' என்று சுட்டுப்பெயர் வந்தால் 'பாஸ் தெம் அவுட்' என்று நடுவில்தான் வைக்க வேண்டும். மயங்கும் பொருளிலும் படிப்பு முடிக்கும் பொருளிலும் இப்படிப் பிரிக்க இயலாது. ஒருவர் தாமே மயங்கலாமேயன்றி இன்னொருவரைப் 'பாஸ் அவுட்' செய்ய முடியாது.

நம் பொருளான படிப்பு முடித்தல் எங்கிருந்து வந்தது? இராணுவத்திலிருந்து. பிரிட்டிஷ் படைப் பயிற்சிக் கூடங்களில் பயிற்சியை நிறைவு செய்து படையில் சேர்வதை 'பாஸ் அவுட்' என்பர். அதற்கான அணிவகுப்பு 'பாஸிங் அவுட் பரேடு'. இதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டாம். பரங்கிமலையில் இருக்கிறது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1962 சீனப் போருக்குப் பின் படையில் அதிகாரிகள் பற்றாக்குறையை ஈடுசெய்ய 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 1988-இல் அகாடமி என்று பெயர் மாறிய நிறுவனம் அது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். காவல் துறையிலும் இதே சொல்தான். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் நடக்கும் விழாவை நம் நாளிதழ்கள் 'பயிற்சி நிறைவு அணிவகுப்பு' என்று அழகாகத் தமிழில் எழுதுகின்றன. கல்லூரிக்கு மட்டும் அப்படியொரு சொல்லை யாரும் பரப்பவில்லை. 'பட்டம் பெறுதல்' இருக்கிறது. ஆனால் அது விழா மேடைச் சொல்லாகவே நின்றுவிட்டது.

டேராடூன் இராணுவ அகாடமியில் அணிவகுப்பின் முடிவில் வீரர்கள் மெதுநடையாகச் சென்று ஒரு கோட்டைத் தாண்டுவர். அதை 'அந்திம் பக்' என்பார்கள். 'கடைசி அடி' என்று பொருள். 'பாஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் காலடிதான் என்று முன்பே கண்டோம். இன்னும் வேடிக்கை, 'கிராஜுவேட்' என்ற சொல்லின் வேரான 'கிராதுஸ்' என்பதற்கும் லத்தீனில் படி, அடி என்றே பொருள். நமக்கோ மாடிப்படியும் படி, பாடம் படிப்பதும் படி! தமிழில் இவை இரண்டும் ஒரே வேரா என்பதைத் தமிழ்த் துறையினர் சொல்லட்டும். எனக்கு ஒலி ஒற்றுமையே போதுமான மகிழ்ச்சியைத் தந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு அறிவியல் குறிப்பு. 'பாஸிங் அவுட்' அணிவகுப்பிலே ஒருவர் மெய்யாகவே 'பாஸ் அவுட்' ஆவதும் உண்டு. அசையாமல் நெடுநேரம் நின்றால் புவியீர்ப்பால் இரத்தம் கால்களில் தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தமும் குறையும். மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைந்தாலே மனிதன் சாய்வான். 2023 ஜூன் மாதம் இலண்டனில் அரசர் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகையிலே, கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த காவற்படை வீரர்கள் சிலர் இளவரசர் வில்லியம் முன்னிலையில் வெயில் தாங்காமல் விழுந்தனர். கீழே கிடத்தியதும் பெரும்பாலும் நினைவு திரும்பிவிடுவதற்குக் காரணம், தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதே. நம் கல்லூரிக் கொடியேற்றத்தில் தேசிய மாணவர் படை நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

படைக்கூடத்துச் சொல் கல்லூரிக்கு எப்படி வந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் பயிற்சிக் கூடங்களின் பேச்சு கல்லூரி வாசலுக்கும் வந்திருக்க வேண்டும். அது இங்கே வேர்பிடித்து நின்றதற்கு நம் மொழிகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நாம் எதிலிருந்தும் 'வெளியே வருகிறோம்'. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறோம். சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள். காலேஜை விட்டும் வெளியே வருகிறோம். ஜாம் பஜாரில் மீன்பாடி வண்டி ஓட்டும் என் தந்தையார், "பாஸ் பண்ணி வெளிய வந்துரு நைனா, அது போதும்" என்பார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 'பாஸ் அவுட்' என்பதை இவ்வளவு சரியாக எந்த அகராதியும் பிரித்துக் காட்டியதாக நான் பார்க்கவில்லை.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. 'பாஸ்' ஒன்று, 'அவுட்' ஒன்று. மூன்றாண்டு முடிந்தால் யாராயினும் 'அவுட்'. 'பாஸ்' ஆவது தாள்களைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், கடைசிப் பருவம் முடிந்ததும் வீட்டில் "பாஸ் அவுட் ஆயிட்டேன்" என்றார். பொய் சொல்லவில்லை; எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்! அவர் வீட்டில் பிரியாணி செய்து தெருவுக்கே கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வேலைக்குச் சான்றிதழ் கேட்டபோதுதான் இரண்டு தாள் அரியர் இருப்பது அவர் அம்மாவுக்குத் தெரிந்தது. அரியர் என்றால் என்ன என்பதே அன்றுதான் அவருக்கு விளக்கப்பட்டது. அதுவரை மகன் ஏன் வேலைக்குப் போகாமல் இருக்கிறான் என்று ஜோசியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்கள் நிறைந்த வீட்டில் 'ரிசல்ட் வந்ததா, எத்தனை கிளியர்?' என்று கேட்டிருப்பார்கள். நம்மைப் போன்ற வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு செய்திகள் ஒளிந்திருப்பதால் வரும் வினை இது. ஆகவே வீட்டில் 'பாஸ் அவுட்' என்று சொல்லாமல், 'கிளாஸ் முடிஞ்சுது' என்றும் 'எல்லாப் பேப்பரும் பாஸ்' என்றும் தனித்தனியே சொல்வது நலம் என்பது என் தாழ்மையான கருத்து.

'பாஸ்' பற்றிச் சொல்கையில் நம் பேச்சுத் தமிழின் நுட்பம் ஒன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. தேர்வில் வென்றால் 'பாஸ் பண்ணிட்டேன்' என்கிறோம். தோற்றால் 'ஃபெயில் ஆயிட்டேன்' என்கிறோம். 'ஃபெயில் பண்ணிட்டாங்க' என்றால் குற்றம் பேராசிரியர் மேல் போய்விடுகிறது! வெற்றிக்குப் 'பண்ணு', தோல்விக்கு 'ஆகு'. ஆனால் 'பாஸ் அவுட்' மட்டும் எப்போதும் 'ஆகு'வோடுதான் சேரும். 'பாஸ் அவுட் பண்ணினேன்' என்று யாரும் சொல்வதில்லை. பழம் பழுப்பதுபோலத் தானாக நடப்பது என்று நம் மொழி அதைக் கருதுகிறது போலும். 'அவுட்' என்ற தனிச்சொல்லுக்கும் இங்கே தனி வாழ்வு உண்டு. சேப்பாக்கம் மைதானத்தில் விக்கெட் விழுந்தால் அவுட். வினாத்தாள் கசிந்தால் 'பேப்பர் அவுட்'. படிக்காத கேள்வி வந்தால் 'அவுட் ஆஃப் சிலபஸ்'. இரண்டையும் தலைகீழாக்கி 'அவுட் பாஸ்' என்றால் விடுதியிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் சிறிது நேரம் வெளியே போகும் அனுமதிச் சீட்டு. இதில் போனவர் திரும்பி வர வேண்டும்.

பாஸும் ஃபெயிலும் மனிதனை அளக்கும் கோலாக நம் நாட்டில் வெகுகாலமாக இருந்து வருகின்றன. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்தில் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக விளங்கிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்றால் அவர்கள்தாம்! பின்னர் பட்டம் பெற முயன்று தேறாதவர்கள் 'பி.ஏ. பெயில்' என்பதையே ஒரு தகுதியாகப் போட்டுக்கொண்ட காலமும் இருந்தது. அதுவரை எட்டிப் பார்த்ததே பெருமை என்று கருதினார்கள். நம் திருவல்லிக்கேணியில் குடியிருந்த கணித மேதை இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், கணிதம் நீங்கலாகப் பிற பாடங்கள் அவரைக் கைவிட்டன. 1912-இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் ஆனார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது. இந்தியாவில் எந்தக் கல்லூரியிலிருந்தும் அவர் 'பாஸ் அவுட்' ஆனதில்லை. இன்றைய இணைய விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது என்பதை நினைக்கையில் சிரிப்பு வருகிறது.

அந்தக் கட்டம் சாதாரணக் கட்டமன்று. இன்று 'பாஸ் அவுட்' வினையாக மட்டுமின்றிப் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது. '2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்' என்று விளம்பரம் வருகிறது, ஆண்டு ஆளாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் மதுரையில் தனியார் வங்கி ஒன்றின் நேர்காணல் விளம்பரத்தில் '2021-இல் பாஸ் அவுட் ஆனவர்கள் தகுதியற்றவர்கள்' என்ற பொருளில் ஒரு வரி வந்தது. கொரோனாவால் இணையவழித் தேர்வு எழுதி வந்த ஆண்டு அது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அது தட்டச்சுப் பிழை என்று வங்கி விளக்கம் அளித்தது. பிழையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஆண்டில் முடித்தவர்கள் அந்த வரியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று மேன்ஷன் அண்ணன்மார்களிடம் கேட்டால் தெரியும்.

அவர்களில் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி இக்கட்டுரைக்கு உண்மையான காரணம். நிறுவனம் ஒன்றின் காணொளி நேர்காணலில் அவர் "ஐ பாஸ்டு அவுட் இன் 2019" என்றிருக்கிறார். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் வெளிநாட்டவர். அவர் சற்றே திகைத்து, "இப்போது உடல்நலம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். உடனிருந்த இந்தியர் விளக்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை. "அதனாலதான் கெடைக்கலன்னு சொல்ல மாட்டேன், தம்பி. ஆனா அன்னையிலேர்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள்ள செக் பண்ணிட்டுத்தான் பேசுறேன். அதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க" என்றார்.

அவர் சொன்னது தவறா? தவறில்லை என்றே நான் வாதிடுவேன். கோடிக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக ஒரே பொருளில் வழங்கும் சொல் எப்படித் தவறாகும்? அமெரிக்கர் 'விநியோகம் செய்' என்று ஆளலாம், பிரிட்டிஷார் 'படைப்பயிற்சி முடி' என்று ஆளலாம், நாம் மட்டும் ஆளக்கூடாதோ? இது இந்திய ஆங்கிலத்தின் சொல். இந்தியருக்கிடையே நாணமின்றிச் சொல்லலாம். ஆனால் நூறு ரூபாய் நோட்டு செல்லாத நோட்டு அல்ல எனினும், இலண்டன் கடையில் அதை நீட்ட முடியாது. வெளிநாட்டாருக்குச் சொல்லும்போது 'கிராஜுவேட்' என்பதை வினையாக்கி, 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்று சொல்லிவிடலாம். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி' என்றாலும் எவர்க்கும் விளங்கும். பெற்றோர் ஆங்கிலம் அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நாணயமும் சிறுவயதிலேயே சட்டைப் பையில் விழுந்துவிடுகின்றன. நமக்கு ஒன்றுதான் விழுந்தது; இன்னொன்றைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாரதி சாலை நடைபாதையில் அறுபது ரூபாய்க்கு அட்டை கிழிந்த ஆங்கில அகராதி கிடைக்கிறது. நான் வாங்கியதில் 'எக்ஸ்' எழுத்துக்குப் பின் பக்கங்கள் இல்லை. இதுவரை அவை தேவைப்படவும் இல்லை.

உச்சரிப்பில் ஒரு சிறு குறிப்பும் உண்டு. வினையாகச் சொல்லும்போது ஆங்கிலேயர் 'அவுட்' என்பதில் அழுத்தம் தருவர். அதைச் சேர்த்து முழுங்கினால் வெறும் 'பாஸ்' என்றுதான் அவர்கள் காதில் விழும். தமிழில் நாம் இரண்டையும் ஒரே எடையில் சொல்கிறோம். அதுவும் புரியத்தான் செய்கிறது.

வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் தாயார், காலையில் சாப்பிட வரும் மேன்ஷன்காரர்களிடம், "எங்க வூட்டுப் புள்ள அடுத்த வருசம் பாஸ் அவுட்டு" என்று சொல்லிவருகிறார். இன்னும் இரண்டு பருவமும் ஆய்வகத் தேர்வுகளும் இருக்கின்றன, இயற்பிய வேதியியல் என்று ஒரு தாளும் இருக்கிறது என்று அவருக்கு விளக்கியாயிற்று. "எல்லாம் தெரியும் போடா" என்கிறார்.